தோல் பையில் மடவை

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த முதல் வாரம் நான் சரியாகச் சோறே சாப்பிடவில்லை. புதுப்பெண்ணுக்குக் கூச்சம் என்று மாமியார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சமாவது ஒன்றாவது. எங்கள் தெருமுனையில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற ஆட்டுத்தோலின் வாடை வீட்டுக்குள் வந்து, சோற்றுக் குண்டானுக்குள்ளேயே குடியிருந்தது. தட்டைக் கிட்டே கொண்டுபோனால் வயிறு வேண்டாம் என்றது.

நான் நாற்றத்துக்குப் பயந்தவள் இல்லை. பாலாறு கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குப் பூர்வீகம் வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்கிற ஊர். உப்பளத்தில் வேலை கிடைத்துக் கடற்கரைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கருவாடு காய்கிற வாசலில்தான் நானும் அண்ணனும் தவழ்ந்தோம். ஆனால் ஒவ்வொரு நாற்றத்துக்கும் மூக்கு தனித்தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. ஆம்பூருக்குப் பழக எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஊரில் வாடை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகத்தைச் சுளித்தால், இவர்களுக்கு என்ன கேடு என்று எனக்கே கோபம் வந்தது.

முதலில் முகம் சுளித்தவன் என் அண்ணன்தான். அப்பா, அம்மா போன பிறகு என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் அவன். தாய்வீடு என்று எனக்கு இருந்தது அந்த ஒரே ஆள். ஆடி மாதத்துக்கு என்னை அழைத்துப் போக வந்தான். மச்சான் வருகிறார் என்று என் கணவர் ஷாப்பில் பாதி நாள் லீவு சொல்லி, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமியார் கறி சமைத்திருந்தார். இலை போட்டு அண்ணனை உட்கார வைத்தோம். முதல் வாய் எடுத்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். அடுத்த நிமிடம் எழுந்து தெருவுக்கு ஓடி, சாக்கடையோரம் வாந்தி எடுத்தான்.

"பஸ்ல வந்தது ஒத்துக்கல" என்றான். யாரும் நம்பவில்லை. மாமியார் இலையை எடுத்து மடித்தார். என் கணவர் ஒரு சொம்புத் தண்ணீரை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு என்னிடம் மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்க வீட்டுல கருவாட்டுக்கு நடுவுல குந்திக்கினு நான் சாப்பிடலையா?"

அண்ணன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கூப்பிடும்போதெல்லாம் உப்பளத்தில் வேலை ஜாஸ்தி என்று ஒரு கடிதம் வரும். மழைக்காலத்தில் உப்பளத்தில் ஒரு வேலையும் இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? தலைப்பிரசவத்துக்கு நான்தான் அங்கே போனேன். குழந்தையோடு என்னைத் திரும்ப அழைத்துவர என் கணவர்தான் வந்தார். அவர்கள் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அந்த மரியாதையைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

பிறகு குழந்தைக்குப் பதினோராம் மாதம் நெருங்கியது. காது குத்த வேண்டும். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அதுவும் அப்பன் வீட்டில், ஆம்பூரில்தான். அண்ணன் வராவிட்டால் என் பெரியப்பா மகன் வாலாஜாபேட்டையில் இருக்கிறானே, அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாமியார் சொன்னார். முறைப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை. கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் என் பெண்ணை வைப்பதா என்று நான் அடுப்படியில் அழுதேன். என் கணவர் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"பொங்கல் லீவுக்குப் போவோம். நேருல கேட்டுட்டு வந்துடலாம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஒரு காரியத்தில் இறங்கினார். ஷாப்பில் அவருக்குத் தோல் பிரிக்கிற வேலை. தடவிப் பார்த்தே இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். அந்தக் கை சும்மா இருக்காது. எங்களை அழைத்துப் போக வந்தபோது முகத்துவாரத்தில் ஒரு காட்சியைப் பார்த்திருந்தார். அண்ணன் தூண்டிலுக்கான உயிர் இரைமீனை மண்பானையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வருகிறான். வழுக்கி விழுகிறான். பானை உடைகிறது. காலைப் பொழுது முழுக்கப் பிடித்த இரை சேற்றில் துள்ளி ஓடுகிறது. "வருஷத்துக்கு நாலு பானை" என்று அண்ணி அலுத்துக்கொண்டதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்குத் தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு தோல் பை தைக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நான்கு வெள்ளிக்கிழமைகள் அந்தப் பை அவர் மடியில் கிடந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம் செய்த ஆட்டுத்தோல். வேலூருக்குப் போய் லாங் பஜாரில் அலைந்து மெழுகு நூல் வாங்கி வந்தார். தையலின்மேல் மெழுகை உருக்கித் தடவினார். வாய்க்கு ஒரு மூடி, அகலமாக, மடக்கிப் போடுகிற மாதிரி. தோளை அறுக்காமல் பட்டையாக ஒரு வார். வேலை முடிந்ததும் தண்ணீரை நிரப்பிச் சுவரில் மாட்டினார். மறுநாள் காலை வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. சின்னப் பிள்ளைபோல் என்னைக் கூப்பிட்டுத் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அந்தத் தண்ணீரை நான்தான் கொட்டினேன். நல்ல கெட்டித் தேநீர் நிறத்தில் ஓடியது. எங்கள் தெருச் சாக்கடையில் தினமும் ஓடுகிற நிறம்தான் அது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்து வயதிலிருந்து அண்ணனுக்கு இரை பிடித்துக் கொடுத்தவள், தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலே மீன் வாயைப் பிளக்கும் என்று அறிந்தவள், அதைக் கொட்டிவிட்டுப் பையை வெயிலில் காயப் போட்டேன்.

பொங்கல் முடிந்த மறுநாள், மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் வாசலுக்கு ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். அதன் தலையில் மூக்கை வைத்தான். ஒரு நொடி நின்றான். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே தூக்கிப் போனான். அந்த ஒரு நொடியை நான் கவனித்தேன். அவனுடைய முகத்தை எனக்குப் படிக்கத் தெரியும். எங்கள் ஊர் வாடை பிள்ளையின் தலைமுடி வரை ஏறியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கணவர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நீட்டினார்.

"மாசி மாசம் பாப்பாவுக்குக் காது குத்தறோம் மச்சான். நீங்க வந்து மடியில வச்சிக்கணும்."

அண்ணன் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. "பாக்கலாம் மாப்ளே. முதல்ல சாப்பிடுங்க" என்றான். என் கணவர் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்து வெளியே வைத்தார்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தையலைத் தடவினான். இது எனக்கா என்று இரண்டு தடவை கேட்டான். "பானை இனிமே உடையாது மச்சான்" என்று கணவர் சொன்னபோது அவருடைய குரலில் இருந்த பெருமையை நான் ஷாப்பு போனஸ் நாளில்கூடக் கேட்டதில்லை.

தை மாதத்தில் முகத்துவாரம் திறந்து கிடக்கும். மழைத் தண்ணீர் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கும். நீர் ஏறும்போது கடல் உள்ளே வரும், வற்றும்போது ஆறு வெளியே போகும். ஆம்பூரில் வெறும் மணலும் சாக்கடையுமாகக் கிடக்கிற அதே பாலாறுதான் இங்கே இப்படி அகலமாகத் தண்ணீரோடு இருக்கிறது என்று கணவர் ஒவ்வொரு தடவையும் வியப்பார். நீர் ஏறுகிற நேரத்தில், வாய்க்கால் ஆற்றோடு சேர்கிற முனையில் கொடுவா மீன் வந்து காத்திருக்கும். அதற்குச் செத்த இரை ஆகாது. கண்ணுக்கு முன்னால் துடிக்க வேண்டும். ஒரு சாண் நீள மடவை மீன் என்றால் அதற்கு உயிர்.

மறுநாள் காலை குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். மடவை பிடிப்பது என் வேலை. பழைய சேலையின் இரண்டு முனையை நான் பிடிக்க, இரண்டு முனையை அண்ணன் பிடிக்க, முழங்கால் ஆழத்தில் தவிட்டைத் தூவிவிட்டு அசையாமல் நின்றோம். மடவைக் கூட்டம் தவிட்டுக்கு வரும். வந்ததும் சேலையைத் தூக்க வேண்டும். ஒரு கண்ணிமை தாமதித்தால் வெறும் சேலைதான் வரும். கல்யாணத்துக்குப் பிறகு மறந்திருப்பேன் என்று அண்ணன் கேலி பண்ணினான். முதல் தூக்கிலேயே ஏழு மடவை. கரையில் நின்ற கணவர் பையில் தண்ணீர் முகந்து, ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே விட்டு, மூடியை மடக்கினார். மாப்பிள்ளை முறுக்கெல்லாம் போய் அவர் முகம் பளிச்சென்று இருந்தது.

முனைக்கு நடக்க அரை மணி நேரம். போய்ச் சேர்ந்து பையைத் திறந்தால் ஏழும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தண்ணீர் தேநீர் நிறம்.

எனக்கு அப்போதுதான் பொட்டில் அடித்தது. செத்த தோல் அழுகாமல் இருக்க ஊறவைக்கிற பட்டைச் சாறு, உயிருள்ள மீனை எப்படி விட்டுவைக்கும்? உப்புத் தண்ணீர் பட்டதும் தோல் குடித்திருந்த சாறெல்லாம் இறங்கியிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை அழுத்தினான். பிறகு சூரியனைப் பார்த்தான்.

"வெயில் ஜாஸ்தி மாப்ளே. மடவைக்குச் சூடு ஆகாது. நாளைக்குச் சீக்கிரமா வருவோம்."

"வெயிலா?" என்றார் கணவர். பையையும் தண்ணீரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, வெயில்தான்" என்றார்.

அவர் செத்த மீனைக் கொட்டப் போனபோது நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருடக் கோபமும் கரையில் மண்டியிருந்த உமரிச் செடிப் புதர் ஓரத்தில் வெளியே வந்தது.

"ஏன் சொல்லல? பை உதவாதுன்னு சொல்லேன். அன்னிக்கு மூக்குல துணி வச்ச ஆளுக்கு இன்னிக்கு இன்னா வந்துச்சி?"

"அன்னிக்கு வாயே தொறக்காம சொல்லிட்டேன் இல்ல" என்றான் அண்ணன். "அது போதும்."

"அப்ப காது குத்தறதுக்கு வர்றியா, இல்லையா?"

அவன் சேலையைப் பிழிந்துகொண்டே நின்றான்.

"வர்றதுக்கு ஆசை இல்லன்னா நினைக்கிற? வந்து மறுபடியும் அப்படி ஆச்சின்னா? சபைக்கு நடுவுல, புள்ளைய மடியில வச்சிக்கினு? எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் அந்த வீட்டுல தலை குனிவு. என் வயிறு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதும்மா."

இரண்டு வருடமாக அவனுக்குத் திமிர் என்று நினைத்திருந்தேன். அவன் பயந்துபோயிருந்தான். பெரிய பெரிய கொடுவாவைக் கையால் இழுத்துப்போடுகிறவன், என் மாமியாருடைய சோற்று இலையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தான். அவனைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை. சேலையின் மறு முனையைப் பிடித்துப் பிழிய உதவினேன்.

மறுநாள் மடவை பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு முனைக்குப் போனோம். அண்ணன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னால் போய் இடம் பார்க்கிறேன் என்று வேகமாக நடந்தான். அவன் நடையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். கணவரைத் தூண்டில் நரம்பு சுற்றிய கட்டையைப் பிரித்துச் சரி பார்க்கச் சொல்லிவிட்டு நான் பின்னாலேயே போனேன். உமரிப் புதருக்குப் பின்னால், சேற்றில் கழுத்து வரை புதைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடிய ஒரு பானை இருந்தது. விடியற்காலையிலேயே தனியாக வந்து மடவை பிடித்துப் பானையில் விட்டு வைத்திருக்கிறான். பையில் இருந்த செத்த மீனையும் பழுப்புத் தண்ணீரையும் கொட்டினான். புதுத் தண்ணீர் முகந்தான். பானையிலிருந்து துள்ளுகிற மடவைகளை அள்ளிப் பையில் விட்டான். திருடனைப்போல் சுற்றிப் பார்த்தபோது நான் நின்றேன்.

"நீ ஒண்ணும் பாக்கல" என்றான்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றேன்.

பையைத் திறந்து காட்டியபோது கணவர் குனிந்து பார்த்தார். மடவைகள் பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொண்டிருந்தன. "பை ஜோர் மாப்ளே. வெயில்தான் நேத்து கெடுத்தது" என்றான் அண்ணன், சிரிக்காமல். கணவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை விட்டு ஒரு மடவையை எடுத்தார்.

அண்ணன் முதுகுத் துடுப்புக்கு அடியில் தூண்டில் முள்ளைக் கோத்தான். ஆழமாகக் கோத்தால் இரை செத்துவிடும், மேலாகக் கோத்தால் கழன்றுவிடும். தங்கூஸ் என்கிற நைலான் நரம்பைக் கணவர் கையில் கொடுத்து, பையை மாட்டிக்கொள்வது இப்போது அவர் முறை என்பதுபோல் அதையும் அவர் தோளில் மாட்டிவிட்டான். நீர் ஏற ஆரம்பித்திருந்தது. மிதவைக் கட்டை மெதுவாக முனையைத் தாண்டிப் போனது. மடவை கீழே பதறுவது மிதவையில் தெரிந்தது.

பிறகு மிதவையைக் காணோம்.

"விட்டுப் பிடிங்க மாப்ளே, விட்டுப் பிடிங்க" என்று அண்ணன் சொல்வதற்குள் நரம்பு கணவரின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. ரத்தம் வந்தது. தண்ணீரைப் பிளந்துகொண்டு கொடுவா எழும்பித் தலையை உதறியது. வாயைத் திறந்ததும் உள்ளே ஒரு பிள்ளையின் தலை போகும்போல் இருந்தது. நரம்பை விட்டால் மீன் போய்விடும், விடாவிட்டால் கை போய்விடும். அண்ணன் உதவிக்கு ஓடிவருவதற்குள் கணவர் ஒரு காரியம் செய்தார். தோளில் தொங்கிய பையின் மூடியைக் கையில் சுற்றி, தோலுக்குமேல் நரம்பைப் பிடித்துக்கொண்டார். நல்ல ஆட்டுத்தோல். நரம்பு அதில் கோடு போட்டது, அறுக்கவில்லை. இழுத்தால் விட்டார், தளர்ந்தால் சுற்றினார். பையிலிருந்த தண்ணீரும் மிச்ச மடவையும் அவர் வேட்டிமேல் கொட்டின. கால் மணி நேரம் அவர் கையும் அந்தத் தோலும்தான். கடைசியில் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை அறுக்கிற செவுளில் கை வைக்காமல் வாயைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். எங்கள் பெண்ணைவிடக் கனம் இருக்கும்.

இருவரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். மூச்சு வாங்கியது. அண்ணன் பையின் மூடியை எடுத்து, நரம்பு போட்ட கோட்டை விரலால் தடவினான்.

"நல்ல தோலு" என்றான். இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை.

அன்று அண்ணி வைத்த குழம்பிலிருந்து கொடுவாவின் தலையை எடுத்து அண்ணன் என் கணவரின் இலையில் வைத்தான். குழந்தை அவன் துண்டின்மேல் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நாங்கள் கிளம்புகிற வரைக்கும் வருகிறேன் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. கணவரும் திரும்பக் கேட்கவில்லை. பஸ் ஏறுகிற இடத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று கையைக் காட்டினான்.

காஞ்சிபுரம் தாண்டி, குழந்தை என் மடியில் தூங்கியதும் கணவர் பேச ஆரம்பித்தார்.

"பானைய எங்க புதைச்சி வச்சிருந்தாரு உங்க அண்ணன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா பானை?" என்றேன்.

"பதினஞ்சு வருஷமா பட்டைத் தண்ணிக்கு நடுவுலதான் நிக்கறேன். அந்தக் கலர் எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரிஞ்சிபோச்சி. என் புத்தியை நானே செருப்பால அடிச்சிக்கலாம்போல இருந்துச்சி."

"அப்ப சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"எப்டி சொல்றது? மனுஷன் அவ்ளோ பாடுபட்டு மறைக்கிறாரு. நான் சொன்னா அவருக்குப் பேஜாராயிடும்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம மனசு நோவக் கூடாதுன்னு ஒருத்தர் விடியக்காலையில சேத்துல இறங்கறாரு. அவரு வந்தா இன்னா, வரலன்னா இன்னா."

வந்தால்தான் எனக்கு மனசு ஆறும் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. அவர் கையில் நரம்பு அறுத்த இடத்தில் மஞ்சள் பற்று காய்ந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாசியில் அந்த நாள் வந்தது. பத்தரைக்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். ஒன்பதரைக்கே காது குத்துகிற பத்தர் வந்து மணையருகில் உட்கார்ந்துவிட்டார். வாலாஜாபேட்டையிலிருந்து பெரியப்பா மகனும் வந்துவிட்டான். பட்டு வேட்டி கட்டியிருந்தான், பாவம், அவன்மேல் எனக்கு என்ன விரோதம்? ஆனால் அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்றைக்கென்று காற்று ஷாப்புப் பக்கத்திலிருந்து அடிப்பதாக வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து மணிக்கு மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேரம் ஆவுதும்மா" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை. பெரியப்பா மகனை உட்காரச் சொல்ல வாயெடுத்தேன்.

வாசலில் நின்றிருந்த என் கணவர் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். தெருமுனையில், ஷாப்பு மதிலை ஒட்டி, அண்ணனும் அண்ணியும் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் தோளில் அந்தப் பை. அதில் தண்ணீர் இல்லை. பட்டுப் பாவாடை, கம்மல், கற்கண்டு, தாய்மாமன் சீர் முழுவதும் அதற்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தான்.

மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். பத்தர் முதல் காதைக் குத்தினார். குழந்தை வீடு அதிர அலறியது. அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்தான்.

தாம்பாளம் பிடித்திருந்த கணவர் அப்படியே நின்றார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் கைக்குட்டையால் குழந்தையின் மூக்கைச் சிந்தித் துடைத்தான். பிறகு அதன் கண்ணைத் துடைத்தான். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னொரு காது குத்துங்க ஐயா" என்றான்.

பந்தியில் அவன் இலையில் நானே பரிமாறினேன். கறியைச் சாப்பிட்டான். சோற்றை மறுபடி கேட்டான். முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகும் அவன் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கணவர் ரசம் கொண்டுவந்து அவன் முன்னால் குந்தினார். இரண்டரை வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவர்தான் சொன்னார்.

"நாத்தம் கஷ்டமா இருந்தா வெளியில போய்க் காத்தாட சாப்பிடலாம் மச்சான். நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

அண்ணன் என்னைப் பார்த்துப் பேசினான்.

"பொங்கலுக்கு வந்தப்ப பாப்பா என் துண்டுலதான் படுத்திருந்துச்சி. நீங்க போனதும் பாத்தா துண்டு முழுக்க இந்த ஊரு வாசனை. உங்க அண்ணி துவைக்க எடுத்தா. வேணாம்னு வாங்கி வச்சிக்கினேன். தினமும் காலையில எடுத்து மூக்குல வச்சிக்குவேன். இங்க வர்றதுக்கு முன்னாடி எப்டியாவது பழகிடணும்னுதான் ஆரம்பிச்சேன்." சோற்றில் குழி பறித்து இலையைக் கணவர் பக்கம் தள்ளினான். "இப்ப எனக்கு இது பாப்பா வாசனை மாப்ளே. கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க ரசத்தை ஊத்துங்க."

கணவர் ஊற்றினார். பாதி ரசம் இலைக்கு வெளியே தரையில் ஓடியது. "இலையைப் பாத்து ஊத்துங்க" என்று அதட்டினேன்.